படிக்கட்டிடம் சொன்னதும் ஆட்டிடம் சொன்னதும்

நான் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஒரு புத்தகம் வைத்திருக்கிறேன். அதில் பதினோராவது பாடம் எரிச்சல்களைப் பற்றியது. அன்றாடம் நமக்கு எரிச்சல் தருபவை எவை, அவற்றை எதிராளியிடம் மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வது என்று சொல்லித்தரும் பாடம். புத்தகம் எழுதியவருக்கு எரிச்சல் தந்த விஷயங்கள் மூன்று. நூலகத்தில் சத்தமாகப் பேசுகிறவர்கள், லிஃப்டில் எல்லாப் பட்டனையும் அமுக்கிவிட்டு இறங்கிப் போகும் குழந்தைகள், பக்கத்து வீட்டுக்காரர் வாசிக்கும் பியானோ. என்னிடம் படிக்க வருகிறவர்கள் யாருக்கும் பக்கத்து வீட்டில் பியானோ இல்லை. அதனால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, உங்களுக்கு எரிச்சல் தருவது எது என்று இங்கிலீஷில் நேராகவே கேட்டேன்.

"நத்திங், மிஸ்" என்றார்கள்.

மொத்தம் பன்னிரண்டு பேர். அறந்தாங்கியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை நடக்கும் பெண்கள் வகுப்பு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சோற்றை வடித்து வைத்துவிட்டு வருகிறவர்கள். பாதிப் பேருக்கு மேல் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். நான் உள்ளே நுழைவதற்கு முன்பு இதே பன்னிரண்டு பேரும், டவுன் பஸ் நிற்காமல் போனது, குழாயில் நான்கு நாளாகக் காற்று மட்டும் வருவது, மாமியாரின் தங்கை வந்து பதினைந்து நாளாகியும் பையைக் கையில் எடுக்காதது என்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததைப் படியேறும்போதே கேட்டிருந்தேன். இங்கிலீஷில் கேட்டதும் பன்னிரண்டு பேரும் முற்றும் துறந்துவிட்டார்கள்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வகுப்பு ஆரம்பித்த புதிதில், கோபத்தை மாடிக்குக் கொண்டுவரக் கூடாது என்று ஒரு தீர்மானம் செய்தேன். அது அந்த வாரத்தைத் தாண்டவில்லை. எரிச்சலே இல்லாதவர்கள் இங்கே வந்து நேரத்தை வீணாக்க வேண்டாம், ஏதாவது மடத்தில் போய்ச் சேரலாம் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். துளி எரிச்சல் இல்லாமல் சிரித்தார்கள்.

சரி, சொந்த எரிச்சல் வேண்டாம், நடித்தாவது காட்டுங்கள் என்று இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காரவைத்தேன். ஒருவர் மீன் கழுவிய தண்ணீரை அடுத்த வீட்டு வாசலில் ஊற்றுகிறவர். மற்றவர் அந்த அடுத்த வீட்டுக்காரர். நேருக்கு நேர் பார்த்து, இப்படிச் செய்வது எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் ஜோடியில் வாசல்காரர் எதிரில் இருந்தவரைப் பார்க்கவில்லை. என் மேசைமேல் கிடந்த டஸ்டரைப் பார்த்தார். சில பேருக்குக் கடவுள் மூக்கே வைக்காமல் அனுப்பிவிட்டார் என்று டஸ்டரிடம் இங்கிலீஷில் சொன்னார். மீன்காரர் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார். சில பேருக்கு வீட்டில் வேலை இல்லாததால் நாள் முழுக்க அடுத்தவர் வாளிக்குள்ளேயே கண் இருக்கிறது என்று மின்விசிறிக்குத் தெரிவித்தார். ஐந்து நிமிஷம் அவர்கள் சண்டை போட்டார்கள். இலக்கணம்கூட முக்கால்வாசி சரியாக இருந்தது. ஒருவர்கூட ஒருதடவைகூட 'யூ' என்று சொல்லவில்லை. மற்ற ஐந்து ஜோடிகளைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவர் சன்னல் கம்பியிடமும், ஒருவர் தண்ணீர் பாட்டிலிடமும், ஒருவர் தன்னுடைய கைப்பையிடமும் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜாடை பேசுவது என்று நாம் சொல்வது இதைத்தான். பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டு அந்தப் பாத்திரத்தைத் திட்டுவோம். அடுப்பைத் திட்டுவோம். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையைத் திட்டுவோம். திட்டு வாங்க வேண்டியவர் பத்தடி தள்ளி உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார். இதில் ஒரு சட்டம் இருக்கிறது. ஜாடைக்குப் பதில் சொல்லக் கூடாது. சொன்னால், அது என்னைத்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பதில் சொன்னவர் தோற்றவர். அதனால் சொல்கிறவர் சொல்லிக்கொண்டே இருப்பார், கேட்கிறவர் கேட்காததுபோலவே இருப்பார், வருஷங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அன்று எல்லோரையும்விட நன்றாகச் செய்தவர், சன்னலோரம் உட்காரும் ஒரு பெண். வயது முப்பத்தைந்து இருக்கும். அறந்தாங்கிக்குக் கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். மகன் ஆறாவது படிக்கிறான், பள்ளிக்கூட டைரியில் டீச்சர் எழுதி அனுப்புவதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும், அதற்காக இங்கிலீஷ் கற்க வந்திருப்பதாகச் சேரும்போது சொல்லியிருந்தார். தண்ணீர் பாட்டிலிடம் முறையிட்டது அவர்தான். அந்தப் பாட்டிலுக்கு உயிர் இருந்திருந்தால் அழுதிருக்கும். இவ்வளவு சரளமாக எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். வீட்டில் ஒரு ஆடு இருக்கிறது என்றார். வகுப்பு மறுபடியும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். ஒரு வாக்கியம் சரிபார்க்க வேண்டும் என்று நோட்டை நீட்டினார். கையெழுத்துப் போட வேண்டாம் என்று ஒருவரிடம் சொல்வதற்கான வாக்கியம். யாரிடம், என்ன கையெழுத்து என்று கேட்டேன். இங்கிலீஷ் சொல்லித்தருகிறவளுக்கு அது தேவையில்லாத கேள்விதான். ஆனாலும் கேட்டேன்.

அவர் வீட்டுக்காரர் பதினோரு வருஷமாக வளைகுடாவில் இருக்கிறார். ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதால், நம் ஊர் நேரம் மத்தியானம் இரண்டு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவார். முதலில் மாமனார், பிறகு மாமியார், பிறகு பையன், கடைசியில் இவர். வீட்டுக்குள் டவர் விட்டுவிட்டு வரும் என்பதால், தன் முறை வந்ததும் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார். அங்கே வேறு யாரும் கிடையாது. கறுப்பு ஆடு ஒன்று கட்டியிருக்கும். சாப்பிட்டீர்களா என்று இவர் கேட்பார். ம் என்று பதில் வரும். அங்கே எப்படி என்று அவர் கேட்பார். எல்லாரும் நல்லா இருக்கோம் என்று இவர் சொல்வார். அதன் பிறகு இருவருக்கும் பேச்சு வராது. அப்போதுதான் இவர் ஆட்டின் பக்கம் திரும்புவார். சில பேருக்கு ஊர் ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்று நீயாவது கேட்டுச் சொல் என்று ஆட்டிடம் சொல்வார். போனில் அவர், சரி வைக்கவா என்பார்.

இப்போது கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டுகிறார்களாம். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். போன வாரம் தன் அப்பாவிடம் அதை அவர் சொல்லியிருக்கிறார். நல்லதாப் போச்சு, மாடியில் ஒரு ரூம் எடுத்துவிடலாம் என்று மாமனார் சொல்லியிருக்கிறார். கொல்லைக்குப் போன் வந்தபோது அந்தப் பேச்சே இல்லை.

கொல்லையில் யாரும் இல்லையே, தமிழிலேயே சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்திருக்க வேண்டும்.

"தமிழ்ல வாயைத் தொறந்தா எல்லாரும் நல்லா இருக்கோம்னுதாங்க மிஸ் வருது. பதினோரு வருசமாச் சொல்லிச் சொல்லி நாக்கு அங்கிட்டே போயி நிக்குது. இங்கிலீசுல நான் புதுசு. அதுல எனக்கு இன்னும் கூச்சம் வரலை."

பதினெட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். இங்கிலீஷ் பேசக் கூச்சமாக இருக்கிறது என்று ஆயிரம் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தமிழில் கூச்சம் என்று வந்தவர் இவர் ஒருவர்தான். நோட்டை வாங்கி வாக்கியத்தைத் திருத்தினேன்.

மறுநாள் கரும்பலகையில் மூன்று வரி எழுதிப் போட்டேன். எது எரிச்சல், எத்தனை நாளாக எரிச்சல், அதற்கு நீ என்ன செய்ய வேண்டும். மூன்றையும் சம்பந்தப்பட்டவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், டஸ்டரைப் பார்த்துச் சொன்னால் மதிப்பெண் கிடையாது என்றேன். நேராகச் சொன்னால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும் என்றும் ஒரு சிறிய சொற்பொழிவு ஆற்றினேன். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைவு.

சன்னலோரத்துப் பெண் எழுந்து நின்றார். "அப்ப நீங்க ஏங்க மிஸ் படிக்கட்டுக்கிட்ட சொல்றீங்க?"

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. புரியாத மாதிரி இருக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் தன் பைக்கைப் படிக்கட்டுக்குக் குறுக்கே நிறுத்துவார். மூன்று வருஷமாக நான் ஒருக்களித்து, சேலை சைலன்சரில் படாமல் பிடித்துக்கொண்டு, தோள்பையைத் தலைக்கு மேலே தூக்கித்தான் ஏறுகிறேன். ஏறும்போது தினமும் முதல் படியிடம் இரண்டு வார்த்தை சொல்வது வழக்கம். 'ஒனக்கு வாய்ச்சது அவ்வளவுதான், இங்கிட்டு வாரவங்க ரெக்கை கட்டிக்கிட்டுத்தான் வரணும்' என்கிற மாதிரி. கடைக்காரர் மூன்றடி தூரத்தில் காகிதத்தைச் சரிசெய்துகொண்டிருப்பார். மாடியில் சன்னலோரம் உட்கார்ந்தால் இதெல்லாம் நன்றாகக் கேட்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

வேறு வழியில்லை. சாக்பீஸை வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். பன்னிரண்டு பேரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொண்டேன். பைக் குறுக்கே நிற்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது, மூன்று வருஷமாக எரிச்சல், அதைத் தள்ளி நிறுத்துங்கள் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். என் வீட்டுக்காரரிடம்கூட நான் இப்படிப் பேசியதில்லை.

அவர் உடனே எழுந்து வந்து பைக்கைத் தள்ளி மரத்தடியில் நிறுத்தினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று வருஷத்தை யாரோ ஏமாற்றி வாங்கிக்கொண்ட மாதிரி எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் சொன்னது இத்தனை நாளும் காதில் விழவில்லையா என்று கேட்டேன்.

"விழுந்துச்சு. நீங்க படிக்கட்டுக்கிட்டல்ல பேசிக்கிட்டு இருந்தீங்க. நடுவுல நான் எதுக்கு வரணும்னு விட்டுட்டேன்."

அதோடு நிற்கவில்லை. வந்ததற்கு அவரும் ஒன்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். வகுப்புக்கு வருகிறவர்கள் செருப்பைக் கடை வாசலில் பரப்பிவிட்டுப் போவதால், பிரதி எடுக்க வருகிறவர்கள் இது சாவு வீடோ என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்களாம். இதை அவர் தினமும் காலையில் ஷட்டரிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாராம். அவர் ஷட்டரைத் திட்டுவது எனக்குத் தெரியும். துருப்பிடித்த ஷட்டர், தூக்க வரவில்லை, திட்டுகிறார் என்று நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. அன்றிலிருந்து செருப்புகள் படியில் ஓரமாக வரிசையாக இருக்கின்றன.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் சன்னலோரத்துப் பெண் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து போனை எடுத்தார். வெள்ளிக்கிழமை அவர் கூப்பிடும்போது நேரில் சொல்லத் தைரியம் வராது, இப்போதே வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிடுகிறேன் என்றார். பட்டனை அமுக்கினார். இங்கிலீஷில், எப்படி இருக்கிறீர்கள், நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்றார். நிறுத்தி அழித்தார். மறுபடியும் அமுக்கினார். மறுபடியும் எல்லோரும் நன்றாக இருந்தார்கள். ஏழு தடவை இப்படியே ஆயிற்று. இங்கிலீஷிலும் நாக்கு அதே இடத்துக்குப் போய் நின்றுவிட்டது.

எனக்கு அவர்மேல் கோபமும் இரக்கமும் சேர்ந்து வந்தது. பட்டனைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள் என்றேன். வீட்டுக்காரருடைய படம் எதுவும் இல்லையா என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் முகப்புப் படம் இருந்தது. யாருடையதோ ஒரு பெரிய வெள்ளைக் காரின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தப் படத்தை எனக்கு அனுப்பி, என் போனை வாங்கி அதில் திறந்து, என் தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். நான் போய் மொட்டை வெயிலில் நின்றேன்.

கதவு சாத்தவில்லை, அதனால் கேட்டது. நீங்கள் கையெழுத்துப் போடப் போவதாக மாமாவிடம் சொன்னது எனக்கு எரிச்சல். நீங்கள் அங்கே இருப்பது எனக்கு எரிச்சல். பதினோரு வருஷமாக எரிச்சல். நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது. வீட்டுக்கு வர வேண்டும். தேங்க் யூ. இரண்டு வினைச்சொற்கள் தப்பு, ஒரு இடத்தில் காலம் மாறிப்போயிருந்தது. கடைசியில் நன்றி சொல்ல வேண்டும் என்று நான் எழுதிப் போடவே இல்லை. திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அனுப்பிவிட்டேன் மிஸ் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எனக்கு அன்று வகுப்பு கிடையாது. இரண்டு மணிக்கு வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். சம்பந்தமில்லாத ஒரு வீட்டுக் கொல்லையில் என்ன நடக்கிறது என்று நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை வகுப்புக்கு வந்தவரிடம் கேட்டேன். "நத்திங், மிஸ்" என்றார்.

எப்போதும்போல இரண்டு மணிக்குக் கூப்பிட்டாராம். எல்லோரிடமும் பேசினாராம். கொல்லைக்குப் போனதும் இவர் சாப்பிட்டீர்களா என்று கேட்டாராம், அவர் ம் என்றாராம். மெசேஜில் இரண்டு நீலக் குறி விழுந்திருந்தது, கேட்டுவிட்டார் என்பது தெரிந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆட்டின் பக்கம் திரும்பக்கூட இவருக்குப் பயமாக இருந்ததாம். சரி வைக்கவா என்று அவர் வைத்துவிட்டாராம்.

அடுத்த நான்கு நாளும் நான் பயந்துகொண்டேதான் வகுப்பு எடுத்தேன். ஒரு பைக்கைத் தள்ளி நிறுத்தவைத்த தெம்பில் அடுத்தவர் குடும்பத்தில் கையை விட்டுவிட்டேன் என்று தோன்றியது. அந்த மனிதருக்குக் கோபம் வந்திருக்கலாம். இங்கிலீஷில் பேசுகிற அளவுக்கு ஆகிவிட்டதா என்று நினைத்திருக்கலாம். தன் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம், அடுத்த மாதம் இந்தப் பெண்ணின் நாற்காலி காலியாகக் கிடக்கலாம். பதினோராவது பாடத்தைப் புத்தகத்திலிருந்து கிழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நூலகத்தில் சத்தம் போடுகிறவர்களைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

புதன்கிழமை பன்னிரண்டாவது பாடம் நடந்துகொண்டிருந்தது. உணவகத்தில் சாப்பாடு சொல்வது எப்படி என்கிற பாடம். சன்னலோரத்தில் போன் அதிர்ந்தது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு அதைப் பெஞ்சின்மேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார். என்ன என்று கேட்டேன். அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ், இரண்டு நிமிஷத்துக்கு வந்திருக்கிறது என்றார். வெளியே போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன்.

"தனியாக் கேக்க பயமா இருக்குங்க மிஸ். இங்கனயே போடவா?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. போனை என் மேசைமேல் வைத்துப் பட்டனைத் தட்டினார். முதலில் ஏசி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கனத்த குரல், வித் ரெஃபரன்ஸ் டு யுவர் வாய்ஸ் மெசேஜ் டேட்டட் தர்ஸ்டே, என்று ஆரம்பித்தது. பதினோரு வருஷமாக ஸ்டோரில் கடிதம் எழுதி எழுதிக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் அது ஒன்றுதான். பின்பெஞ்சில் ஒருவர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

முதலில், பதில் தாமதமானதற்கு வருத்தம் தெரிவித்தார். சொற்களைச் சேகரிக்க ஆறு நாள் ஆயிற்று என்றார். உங்கள் புகார் மூன்றும் கவனிக்கப்பட்டன என்றார். பிறகு, தன் பக்கத்திலும் ஒரு புகார் உண்டு என்று, கரும்பலகையில் நான் எழுதிப் போட்ட அதே மூன்று வரியின் வரிசையில் சொல்ல ஆரம்பித்தார். அவர் என் கரும்பலகையைப் பார்த்ததில்லை. மனைவி பேசியதிலிருந்து அந்த வரிசையைப் பிடித்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமைதோறும் நீ எல்லாரும் நல்லா இருக்கோம் என்று சொல்வது எனக்கு எரிச்சல் என்றார். பதினோரு வருஷமாக எரிச்சல். நான் இல்லாமல் எல்லோரும் நன்றாக இருந்தால் நான் வந்து என்ன செய்வது. ஐந்து முறை லீவில் வந்தேன். ஐந்து முறையும் திரும்பும்போது முறுக்கும் பருப்புப்பொடியும் எடை பார்த்துப் பெட்டியில் கட்டிக் கொடுத்தீர்கள். ஒருமுறைகூட யாரும் போகாதே என்று சொல்லவில்லை.

அங்கே குரல் நின்றது. ஏசி சத்தம் மட்டும் ஓடியது. முடிந்துவிட்டது என்று நினைத்து இவர் போனை எடுக்கக் கையை நீட்டினார். குரல் மறுபடியும் வந்தது.

கைண்ட்லி இன்ஃபார்ம் தி கோட், என்றார். ஆட்டுக்குத் தயவுசெய்து தெரிவிக்கவும். எனக்கு ஊர் ஞாபகம் இருக்கிறது. எல்லா வெள்ளிக்கிழமையும் ஞாபகம் இருந்தது. கையெழுத்து இன்னும் போடவில்லை. உங்கள் உறுதிப்படுத்தலுக்காகக் காத்திருக்கிறேன். ரிகார்ட்ஸ்.

ஜாடைக்குப் பதில் சொன்னவர் தோற்றவர் என்றேன் அல்லவா. அந்த மனிதர் பதினோரு வருஷம் காத்த சட்டத்தை உடைத்து, ஒரு ஆட்டிடம் தோற்றுப்போனார். கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஓரத்தை அழித்தேன். வகுப்பில் மூக்குறிஞ்சும் சத்தம் நாலைந்து இடத்திலிருந்து கேட்டது. பாதிப் பேர் அன்று யாரை நினைத்து அழுதார்கள் என்று நான் கேட்கவில்லை.

சன்னலோரத்துப் பெண் போனைக் கையில் எடுத்தார். பட்டனை அமுக்கிப் பிடித்தார். உறுதிப்படுத்தலுக்கு இங்கிலீஷில் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்பார் என்று எதிர்பார்த்து, நான் வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"வந்துருங்க" என்றார். அவ்வளவுதான். விரலை எடுத்தார், போய்விட்டது.

அதை நான் சொல்லித்தரவில்லை. பிறகு பன்னிரண்டாவது பாடத்தைத் தொடர்ந்தோம். அன்று உணவகத்தில் யாருக்கும் என்ன சாப்பிடுவது என்று தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியாது. மாமனார் பத்து நாள் யாரிடமும் பேசவில்லை என்றும், மாடி ரூமுக்கென்று இறக்கிய செங்கல்லிடம் மட்டும் பேசினார் என்றும் அவர் சொல்லக் கேட்டேன். கம்பெனியில் கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப இரண்டு மாதத்துக்கு மேலாகும் என்றார்கள். நடுவில் மழைக்காலம் வந்துவிட்டது, நாங்கள் இருபதாவது பாடத்துக்குப் போய்விட்டோம்.

ஒரு நாள் குடையை மடக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தால், குறுக்கே ஒரு பைக் நிற்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரருடையது அல்ல, அது மரத்தடியில் நனைந்துகொண்டிருந்தது. இது வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழக்கதோஷம், முதல் படியைப் பார்த்து, 'பாத்தியா, ஒருத்தர் திருந்தினா இன்னொருத்தர் வாராங்க, ஒன் தலையெழுத்து' என்று ஆரம்பித்துவிட்டேன்.

ஜெராக்ஸ் கடைக்குள்ளிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். கையில் ஒரு பள்ளிக்கூட டைரி. அந்த முகத்தை நான் ஒரு வெள்ளைக் காருக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு சன்னலோரத்துப் பெண் நின்றிருந்தார்.

டைரிக்காரர் ஓடிவந்து பைக்கின் ஸ்டாண்டைத் தட்டினார். "எங்கிட்டயே சொல்லுங்க மிஸ்" என்றார். "நான் இங்கதானே இருக்கேன்."